சோளக் கொல்லையில் முளைத்த எரிமலை

ஒரு மலை உருவாக எவ்வளவு காலம் ஆகும்?

1943 பிப்ரவரி 20. மெக்சிகோ நாட்டில் பரிகுதின் என்ற கிராமம். தியோனீசியோ புலிதோ என்ற விவசாயி தன் மக்காச்சோளக் கொல்லையில் வேலையாக இருந்தார். மாலை நான்கு மணியளவில் நிலம் நீளமாகப் பிளந்தது. சீறும் சத்தம், கந்தக நெடி, பொடிச் சாம்பல்! மறுநாள் வந்து பார்த்தபோது கொல்லையில் ஒரு குன்றே எழுந்திருந்தது. ஓராண்டுக்குள் அது 300 மீட்டரைத் தாண்டியது. 1952-இல் அடங்கியபோது அதன் உயரம் 424 மீட்டர். எரிமலைக் குழம்பு இரண்டு ஊர்களை மூடியது. அவற்றில் ஒன்றான சான் ஹுவான் பரங்கரிகுதிரோவின் தேவாலயக் கோபுரம் கரும்பாறைகளுக்கு மேலே இன்றும் தலைநீட்டி நிற்கிறது.

தான் கக்கியதையே தன்மேல் குவித்து வளர்வதால் எரிமலைக்கு இந்த வேகம். இமயமலையின் கதை வேறு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு யூரேசியத் தட்டோடு மோதத் தொடங்கியது. கடலடியில் படிந்திருந்த பாறைகள் நசுங்கி, மடிந்து, மெல்ல மெல்ல மேலெழுந்தன. அதனால்தான் 8,849 மீட்டர் உயர எவரெஸ்டின் உச்சிப் பாறையிலும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

ஒன்பதே ஆண்டில் வளர்ந்து முடிந்தது பரிகுதின் எரிமலை. அந்தப் பழைய மோதல் இன்னும் ஓயாததால், இமயமோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.