விடை சொல்லாத குரு

கீரை இலையிலிருந்து சிறு சிறு வட்டங்களை வெட்டி, ஆப்ப சோடா சிறிதளவு கரைத்த நீரோடு சிரிஞ்சுக்குள் இட்டு, அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுத்து விட்டால், இலையின் உள்ளறைகளில் தங்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறி, அவ்விடத்தில் நீர் புக, வட்டங்கள் கனத்து அடியில் அமிழ்ந்துவிடும். அவற்றைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி விளக்கொளியில் வைத்தாலோ, ஒளிச்சேர்க்கையினால் பிறக்கும் பிராணவாயு இலைக்குள் திரண்டு, ஒவ்வொரு வட்டமாக மேலெழுந்து மிதக்கத் தொடங்கும்.

இத்தகைய பரிசோதனைகளில் ஈடுபடும் பள்ளி மாணவர்களுக்குத் தாவர விஞ்ஞானிகளையே இணையத்தின் வாயிலாகத் துணை சேர்க்கும் பொருட்டு, அமெரிக்கத் தாவரவியல் சங்கம் 2005இல் தொடங்கியதுதான் 'பிளான்டிங் சயன்ஸ்' என்னும் திட்டம். மின்னஞ்சல் வழியே நிபுணர்களை வகுப்பறையோடு இணைக்கும் முயற்சி, ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1993இலேயே 'எலக்ட்ரானிக் எமிசரி' என்ற பெயரில் நடந்ததுண்டு. பிளான்டிங் சயன்ஸில் வகுப்பு சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு கேள்வியை வகுத்துக்கொள்ள, அக்குழுவுக்கென்றே ஒரு வழிகாட்டி அமைகிறார். பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களுமாகிய இவ்வழிகாட்டிகள் ஊதியம் பெறாத தொண்டர்கள். 'சயன்ஸ்' இதழ் 2011இல் இத்திட்டத்துக்குப் பரிசளித்தது.

வழிகாட்டியின் பெருமை, என் அபிப்பிராயத்தில், அவர் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் விடையில்தான் இருக்கிறது. நீல ஒளியில் வட்டங்கள் விரைவாக எழுமா என்று பிள்ளைகள் கேட்கும்போது, விடையை ஒரே வரியில் எழுதி அனுப்புவது விஞ்ஞானிக்கு மிகவும் சுலபம். அவ்வாறு எழுதிவிட்டால் பரிசோதனை அங்கேயே செத்துப்போகும். ஆகவே நல்ல வழிகாட்டி திருப்பிக் கேட்கிறார்: குவளைக்கு எத்தனை வட்டங்கள் இட்டீர்கள்? விளக்கின் சூடு நீரைத் தாக்காதபடி என்ன செய்தீர்கள்? இருட்டிலும் ஒரு குவளையை வைத்துப் பார்த்தீர்களா? இந்த மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டு, ஒரு குவளையை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பிள்ளை, ஒப்பீடு என்னும் விஞ்ஞான தர்மத்தைத் தன் கையாலேயே கற்றுக்கொள்கிறது.

இதனால் உபாத்தியாயரின் ஸ்தானம் எவ்விதத்திலும் குறைந்துவிடுவதில்லை. குவளையும் விளக்கும் தேடித் தருவதும், விஞ்ஞானியின் கடிதத்தில் விளங்காத சொல்லை விளக்குவதும், சோர்ந்துபோன குழுவைத் தட்டி எழுப்புவதும் அருகில் இருப்பவரால் மட்டுமே ஆகக்கூடியவை. தொலைவிலிருப்பவரிடம் நேரக்கூடிய பெருங்குறை தாமதம். பதிலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள், வாராவாரம் வெறும் திரையைப் பார்த்து ஏமாந்தால், தங்கள் கேள்வியே அற்பமானது என்று எண்ணிவிடுகிறார்கள்.

ஆதலால், ஏதேனும் ஒரு துறையில் தேர்ச்சி பெற்ற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பள்ளிப் பிள்ளையின் கேள்வி உங்களைத் தேடி வருமாயின், அன்றைக்கே இரண்டு வரி எழுதிவிடுங்கள், அடுத்த வாரம் எழுதலாம் என்று வைத்திருந்தால், வகுப்பு அதற்குள் வேறு பாடத்துக்குப் போயிருக்கும்.