காமிரா லென்ஸில் படியும் மூட்டம்: காரணமும் காப்பும்

பயிர்நோய் ஆய்வாளர், வனத்துறை அலுவலர், நில அளவையாளர் முதலிய வெளிக்களப் பணியாளருக்குக் காமிரா இன்று குறிப்பேட்டைப் போலவே இன்றியமையாத சாதனமாகும். அதில் பதியும் காட்சிகளுள் பல மீண்டும் கிட்டாதவை. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, ராஜஸ்தானத்தின் நீம்-கா-தானாவில் சூரியன் முற்றிலும் மறைந்திருந்த நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. அத்தகைய வேளையில் லென்ஸில் ஈரம் படியுமாயின் அதை உலர்த்த அவகாசம் இராது.

மெல்லிய மூட்டத்தில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அது மூட்டம் என்றே தோன்றுவதில்லை. பிம்பம் சற்று மங்குகிறது. குவியம் பிழைத்துவிட்டது என்று கருதிப் படம் எடுப்பவர் குவிய வளையத்தை முன்னும் பின்னும் திருப்புகிறார். தானாகக் குவியும் காமிராக்களும் ஒளி நிழல் வேறுபாடு குறைந்துவிட்டமையால் நிலைகொள்ளாது தடுமாறுகின்றன. ஆதலின் பிம்பம் தெளியாதபோது, வளையத்தைத் தொடுமுன் லென்ஸின் முகப்பைச் சாய்வாக நோக்குதல் வேண்டும். பக்கவாட்டில் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், படிந்துள்ள நுண்துளிகள் வெண்படலமாகப் புலப்படும்.

பனிநிலை

காற்றில் கண்ணுக்குப் புலனாகாத நீராவி எப்பொழுதும் கலந்திருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க இயலும். 20 டிகிரியில் சுமார் 17 கிராமே இருக்க இயலும். காற்று குளிரக் குளிர, ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலையில் அதிலுள்ள நீராவி நிறைவு எய்துகிறது. அதற்குமேல் குளிர்ந்தால் மிகுதி நீராவி துளிகளாகப் படிகிறது. அந்த உஷ்ணநிலையே பனிநிலை எனப்படும். லென்ஸ் பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தால் மூட்டம் படியும். வெப்பமாக இருந்தால் படியாது. காப்பு முறைகள் யாவும் இவ்வொரு விதியிலேயே அடங்கும்.

இதை வகுப்பறையில் எளிதிற் காட்டலாம். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்குக. வெளிப்புறம் மங்கத் தொடங்கும்போது வெப்பமானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்க. பின்னர்ப் பனிக்கட்டி இடுவதை நிறுத்தி, மங்கல் மறையும்போது உள்ள அளவையும் குறிக்க. இவ்விரண்டின் சராசரியே அவ்வறைக் காற்றின் பனிநிலை. மாணவரின் மூச்சு டம்ளரின்மீது படலாகாது. பட்டால் அளவு பிழைபடும். காமிராவிலும் அவ்வாறே மூச்சு தீங்கு செய்வதை அப்பொழுதே எடுத்துரைக்கலாம்.

மூவகைச் சூழல்கள்

முதலாவது, குளிர்ந்த இடத்திலிருந்து ஈரக் காற்றுக்குள் செல்லுதல். வங்கக் கரையோரத்தில் மழைக்காலக் காலைப்பொழுது ஒன்றில் உஷ்ணநிலை 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் எனக் கொள்வோம். பனிநிலை சுமார் 26 டிகிரி. குளிர்சாதன அறையில் 22 டிகிரியில் இருந்த காமிராவை வெளியே எடுத்த மாத்திரத்தில் மூட்டம் படியும். அறையிலேயே அதைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் இட்டு வாயை இறுகக் கட்டிக்கொண்டு வெளியே செல்லுதல் வேண்டும். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், காமிராவில் படியாது. அவ்வீரம் தானாக உலர்ந்த பின்னரும் சிறிது நேரம் காத்திருந்து பையைத் திறக்கலாம். சிறு காமிராவுக்கு அரைமணி நேரமும், கனத்த லென்ஸுக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை லென்ஸைக் கழற்றலாகாது. கழற்றினால் உட்புறமும் ஈரமாகும். குளிர்ந்த மலைப்புறத்திலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வருவோரும் இம்முறையையே கையாள வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. வாயிலிருந்து வெளிப்படும் காற்று ஏறத்தாழ 34 டிகிரியில், நீராவி நிறைந்து வருகிறது. வட இந்தியக் குளிர்கால விடியலில் 5 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடியில் அது உடனே படியும். குவியம் பார்க்கும்போதுதான் முகம் காமிராவை நெருங்குகிறது என்பதை நினைவிற் கொள்க. காமிராவை முக்காலியில் பொருத்தி, பின்புறத் திரையைச் சற்று விலகி நின்று பார்த்துக் குவியம் அமைப்பது நன்று. கண்ணை ஒட்டியே பார்க்க நேர்ந்தால், மூச்சை அடக்கிப் பார்த்து, முகத்தை விலக்கிய பிறகு விடுக.

மூன்றாவது, இரவு வானம். மேகமற்ற இரவில் வானை நோக்கிய லென்ஸ் தன் வெப்பத்தைக் கதிர்வீசி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814இல் வெளியிட்ட பனி பற்றிய நூலில் இவ்வுண்மையை விளக்கினார். உயர்த்தி வைத்த பலகையின் மேலும் கீழும் அவர் கம்பளிக் கற்றைகளை வைத்தார். வானம் மறைக்கப்பட்ட கீழ்க் கற்றையில் பனி குறைவாகவே படிந்தது. லென்ஸின் முன் கருங்காகிதக் குழல் ஒன்றைப் பொருத்துவதும் இதே தத்துவத்தைப் பற்றியதே. குழல் காட்சியின் ஓரங்களை மறையாதபடி நீளத்தை அமைக்க வேண்டும். ஈரம் மிகுந்த இரவுகளில் மின்கலத்தால் இயங்கும் சிறு வெப்பப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டலாம். தொட்டால் இளஞ்சூடு தோன்றுமளவே போதும்.

செய்யத்தகாதவை

படிந்த மூட்டத்தைச் சட்டைத் துணியால் துடைப்பது தவறு. தூசி உராய்ந்து கண்ணாடியின் மேற்பூச்சு கீறப்படும். மூட்டமோ மீண்டும் படியும். மூக்குக் கண்ணாடிக்குச் சிலர் பூசும் சோப்புப் படலம் லென்ஸுக்கு ஒவ்வாது. நெருப்பருகே காட்டுவதும் தகாது. இளங்காற்றில் தானாக உலர விடுவதே நன்று.

பணி முடிந்ததும் ஈரம் பட்ட காமிராவை அப்படியே தோலுறையில் மூடி வைத்தல் கூடாது. நாள்பட்ட ஈரத்தால் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் படரும். அது மேற்பூச்சை அரித்துவிட்டால் பழைய தெளிவு மீளாது. நன்கு உலர்த்தி, சிலிகா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்து, மணிகள் நிறம் மாறியதும் அவற்றைச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்துக. புறப்படுமுன் பையையும் குழலையும் எடுத்து வைப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும்; களத்தில் இழந்த காட்சியையோ மீட்க இயலாது.