நேதாஜி போன நீர்மூழ்கி எப்படி மூச்சு விட்டது?

செஞ்சிக்குப் பக்கத்தில் தொண்டூர். அங்கே பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "சார், நேதாஜி நீர்மூழ்கிக் கப்பல்ல போனாராமே! அத்தனை நாள் தண்ணிக்குள்ள எப்படி மூச்சு விட்டார்?"

சபாஷ்! கேள்வி என்றால் இதுதான் கேள்வி. உனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதானே கண்ணு? வா, பார்ப்போம்.

அந்தக் கப்பலின் பெயர் யு-180. ஜெர்மனிக்காரர்கள் கட்டியது. நீளம் ஏறக்குறைய 88 மீட்டர். 1943 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து அது கிளம்பியது. உள்ளே நம் நாட்டு விடுதலைக்குப் போராடிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். கூடவே ஹைதராபாத்துக்காரரான ஆபித் ஹசன்.

அப்போது இரண்டாம் உலகப் போர். மேலே பகைவர் கப்பல்களும் விமானங்களும் தேடும். அதனால்தான் ஒளிந்து போகும் கப்பல்.

சரி, இரும்புக் கப்பல் எப்படி மூழ்குகிறது, எப்படி எழும்புகிறது? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சொம்பும் எடுத்துக்கொள்.

காலிச் சொம்பைத் தண்ணீர்மேல் வை. மிதக்கிறதா? லேசாகச் சாய். மளமளவென்று தண்ணீர் நுழையும். சொம்பு அடியில் போய் உட்காரும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தது, பாரம் கூடியது. அவ்வளவுதான்.

இப்போது அதைத் தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடி. ஒரு ரப்பர் குழாயின் நுனியைச் சொம்பின் வாய்க்குள் விட்டு ஊது. காற்று உள்ளே போகப் போக, தண்ணீர் வெளியேறும். சொம்பு மேலே வரத் துடிப்பது உன் கைக்கே தெரியும்.

நீர்மூழ்கியிலும் இப்படிப் பெரிய தொட்டிகள் உண்டு. மூழ்க வேண்டுமா? கடல்நீரை உள்ளே விடுவார்கள். எழும்ப வேண்டுமா? சைக்கிள் டியூபில் பம்ப் அடித்து அடைப்பதுபோல உருளைகளில் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். அதைத் திறந்துவிட்டால் தொட்டித் தண்ணீர் வெளியே ஓடிவிடும். புரிந்ததா?

இனி மூச்சு. மனிதர்களைவிட அதிகமாகக் காற்று கேட்பது டீசல் என்ஜின். தண்ணீருக்குள் அதை ஓட்ட முடியாது. அங்கே பேட்டரிதான் மோட்டாரைச் சுழற்றும். பேட்டரி தீர்ந்தால்? மேலே வந்து, டீசலை ஓட்டி, மறுபடி சார்ஜ் ஏற்ற வேண்டும். உள்ளே நல்ல காற்றும் அப்போதே நிரம்பும்.

உங்கள் ஊர் ஏரியில் ஆமையைப் பார்த்திருக்கிறாயா? தலையை நீட்டி மூச்சு வாங்கும். ஆள் வந்தால் உள்ளே போகும். யு-180 அப்படித்தான். பெரும்பாலும் நீர்மேலே ஓடியது. ஆபத்து என்று மணி அடித்தால் உள்ளே மூழ்கும். பள்ளி மணி அடித்ததும் நீ வகுப்புக்கு ஓடுவாயே, அதுபோல மாலுமிகள் அவரவர் இடத்துக்கு ஓடுவார்கள்.

எவ்வளவு ஆழம் போகலாம்? செஞ்சியில் இராஜகிரிக் கோட்டை ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 200 மீட்டர் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் உன் விரல் நகமளவு இடத்தில் ஒரு கிலோ பாரம் கூடும். 200 மீட்டரில்? கணக்குப் போடு. ஆம், 20 கிலோ! ஒரு சின்ன அரிசி மூட்டையே நகத்தின்மேல். அதனால்தான் கப்பலின் உடம்பு கெட்டி இரும்பு, உருளை வடிவம்.

உள்ளே இடுக்கு. எங்கும் டீசல் வாடை. ரொட்டிகூட டீசலில் நனைந்ததுபோல இருந்ததாம். ஆபித் ஹசன் கப்பல் சரக்கறையில் அரிசியும் பருப்பும் தேடிப் பிடித்து, நேதாஜிக்குக் கிச்சடி ஆக்கிக் கொடுத்தார்.

11 வாரம் ஓடியபின், மடகாஸ்கர் தீவுக்குத் தென்கிழக்கே யு-180, நேதாஜியை ஏற்றிச் செல்ல வந்த ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கியைச் சந்தித்தது. கடல் கொந்தளித்தது. இரண்டு கப்பலும் நெருங்கினால் மோதி உடையும். ஏப்ரல் 28 அன்று நடுவே கயிறு கட்டி, ஒரு ரப்பர் படகை விட்டார்கள். பட்டத்தைப் பிடித்த நூல்போல, அந்தப் படகைப் பிடித்தது கயிறு. நேதாஜியும் ஆபித் ஹசனும் நனைந்தபடி ஜப்பான் கப்பலில் ஏறினார்கள். மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங்கில் இறங்கினார்கள். ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இருந்தார். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ் ஆண்களும் பெண்களும் ஏராளமாக, நாட்டு விடுதலைக்காக அவர் நடத்திய படையில் சேர்ந்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது கண்ணு. யு-180 ஒரு போர்க்கப்பல். அந்தப் பயணத்திலேயே அது 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. பல மாலுமிகள் இறந்தார்கள். 1944 ஆகஸ்டில் பிரான்ஸ் கரையோரம் யு-180 மூழ்கியது. உள்ளே இருந்த 56 பேரில் ஒருவரும் கரை சேரவில்லை. அவர்களுக்கும் வீட்டில் வழிபார்த்த அம்மாக்கள் இருந்தார்கள்.

இன்று மாலை அம்மாவிடம் கேட்டு ஒரு சொம்பு வாங்கிக்கொள். மூழ்க வை, ஊதி எழுப்பு. பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் காட்டு. அவன் "ஏன்?" என்று கேட்டால், நீயே சொல்லிக் கொடு.