இயங்குதளம் மாற்றுமுன்

கணினி என்னும் கருவி இரு கூறுகளால் ஆயது. கையால் தொட்டறியத்தக்க வன்பொருள் ஒன்று. கண்ணுக்குப் புலனாகாது நின்று அதனை ஆட்டுவிக்கும் மென்பொருள் மற்றொன்று. மென்பொருள்களுள் தலைமை சான்றது இயங்குதளம் ஆகும். ஒரு கல்லூரியை எண்ணிப் பார்ப்போம். மாணவர் பலர், ஆசிரியர் சிலர், அறைகளோ அவரினும் சில. எவ்வறையில் எவ்வகுப்பு, எந்த மணியில் எவர் பாடம் என்று கால அட்டவணை வகுத்துத் தருவோர் இல்லையெனில் முதல் மணியிலேயே பெருங்குழப்பம் விளையும். கணினிக்குள் நினைவகமே அறை; செயலியே ஆசிரியர்; நாம் திறக்கும் மென்பொருள்களே வகுப்புகள். இவற்றுக்கு நொடிக்கு நொடி அட்டவணை வகுத்துக் கொண்டிருப்பதே இயங்குதளத்தின் பணி எனலாம். நாம் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டு சேர்ப்பதும், கோப்பினை வன்தட்டில் எழுதி வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும் அதன் வாயிலாகவே நிகழ்கின்றன.

இத்தளத்தை மாற்ற வேண்டிய தேவை அண்மையில் நம்மில் பலருக்கு ஏற்பட்டுள்ளது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக் கொண்டது. அன்றோடு கணினி நின்றுவிடும் என்று அஞ்சியவர்களும் உளர். கணினி நிற்பதில்லை. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைத்துத் தரும் வேலை மட்டுமே நிற்கிறது. எனினும் பூட்டுப் பழுதான வீட்டில் பொருள் வைத்திருப்பது போன்றதே அந்நிலை. விண்டோஸ் 11 க்கு மாறலாமே எனின், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதன் பின்னதோ ஆதல் வேண்டும். நம் வீடுகளில் உள்ள பழைய மேசைக் கணினிகள் பல இத்தேர்வில் தேறுவதில்லை.

தேறாத கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டுவதில்லை. லினக்ஸ் என்னும் வழி உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 இல் தொடங்கிய குனு திட்டமும், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் எழுதி வெளியிட்ட லினக்ஸ் கருவும் சேர்ந்து உருவானது அது. எவரும் பெறலாம், எவர்க்கும் படியெடுத்துக் கொடுக்கலாம், விலையில்லை. தமிழ்நாட்டிற்கு அது புதிய விருந்தாளியும் அன்று. 2011 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பெற்றவர்களுள் அதனைத் திறந்து பார்த்தோர் மிகச் சிலரே என்பது யாம் வகுப்பறையில் கேட்டறிந்த செய்தி.

நிறுவும் முறையைக் கூறுமுன், குத்துக்கல்வலசையில் எம் இல்லத்தில் நேர்ந்த இழப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி தளத்திற்கு 2014 ஏப்ரல் 8 இல் ஆதரவு நின்றபொழுது, எம் வீட்டுக் கணினிக்குப் புதிய தளம் இட யாமே துணிந்தோம். வன்தட்டில் ‘டி’ என்னும் பகுதியில் இருந்தவற்றையெல்லாம் படியெடுத்துக் கொண்டோம். ‘சி’ பகுதியில் இயங்குதளம் மட்டுமே இருக்கும் என்பது எம் எண்ணம். அதனை அழித்துப் புதியதை நிறுவினோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது; பெருமிதமும் கொண்டோம்.

மறுநாள் எம் தந்தையார் கணினியின் முன் அமர்ந்து, “பாட்டு எல்லாம் எங்கேப்பா?” என்று கேட்டார்கள். எம் பாட்டியாரிடம் கேட்டெழுதிய தாலாட்டுகளையும் திருமணப் பாடல்களையும் அவர்கள் தாமே தட்டச்சு செய்து, திரையின் முகப்பில் கண்ணெதிரே தெரியும்படி வைத்திருந்தார்கள். முகப்பில் வைப்பவை யாவும் ‘சி’ பகுதியைச் சேர்ந்தவை என்பதை அன்றுதான் யாம் உணர்ந்தோம். அழித்த கோப்பு, அதன் இடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும் வரை பழைய வகை வன்தட்டில் கிடக்கத்தான் செய்யும். ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவிகளால் சிலவற்றை எடுக்கவும் இயலும். ஆனால் யாம் அதற்குள் புதிய தளத்தையே அதன்மேல் எழுதிவிட்டோம். பாட்டியார் அப்பொழுது உயிரோடு இல்லை.

இரண்டாவது இழப்பு வேறு வகையினது. எம் எம்.ஃபில். ஆய்வேடு ‘டி’ பகுதியில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு தமிழெழுத்தும் இல்லை. “தமிழ்” என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்றே கலங்கினோம். உண்மையில் கோப்பு கெடவில்லை, திறவுகோலே தொலைந்திருந்தது.

இதன் காரணத்தை ஒவ்வொரு தமிழ் மாணவரும் அறிதல் நன்று. கணினிக்கு எழுத்து என்பது இல்லை. எண் மட்டுமே உண்டு. ஆங்கில ஜே எழுத்துக்கு உரிய எண் 106. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களைச் செய்தோர், 106 ஆம் எண்ணுக்குரிய கட்டத்தில் ஜே வடிவத்தை நீக்கிவிட்டுத் தகரத்தின் வடிவத்தை வரைந்து வைத்தனர். எழுத்துரு கணினியில் இருக்கும் வரை கண்ணுக்குத் தகரம் தெரியும். எழுத்துரு போய்விட்டால் ஜே மீண்டும் தலைகாட்டும். ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் இந்நிலை இல்லை. 1991 இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலிருந்தே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதில் தகரத்தின் எண் 2980. எந்த எழுத்துருவிலும் எந்த இயங்குதளத்திலும் அதுவே. தமிழக அரசு 1999 இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அவரவர் விரும்பிய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடுகளும் மலர்களும் எண்ணில.

நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதிய ஏடுகளை இங்கு நினைவுகூரலாம். மொழி தமிழ், எழுத்து அரபு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளி கூட்டிய தனி எழுத்துகளும் அதில் உண்டு. அவ்வெழுத்தைப் பயின்றவர் எடுத்தால் தமிழ் ஒலிக்கும். பயிலாதவர் கையில் அதே ஏடு வாயடைத்துக் கிடக்கும். பாமினி இல்லாத கணினியில் எம் ஆய்வேடு கிடந்த நிலை அதுவே. எழுத்துருக் கோப்புகள் ‘சி’ பகுதியில் விண்டோஸ் உறைக்குள் ஃபான்ட்ஸ் என்னும் உறையில் இருப்பவை. ஆவணங்களைப் படியெடுத்த யாம் அவ்வுறையைப் படியெடுக்கத் தவறினோம். பாமினி பரவலாகக் கிடைப்பது என்பதால் ஆய்வேடு பின்னர் மீண்டது.

அண்மையில் இவ்வூரிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய கணினிக்கு லினக்ஸ் இட்டுத் தருமாறு கேட்டார்கள். தென்காசி வட்டார ஊர்ப்பெயர்கள் பற்றி இருபது ஆண்டுகளாக எழுதிய குறிப்புகள் அதில் இருந்தன, அத்தனையும் பாமினி. “கம்ப்யூட்டர் போனாப் போகட்டும் தம்பி, குறிப்பு போயிடக் கூடாது” என்றார்கள். வலசை என்னும் சொல்லுக்கே இடம்பெயர்தல் என்பது பொருள். கோப்புகளின் வலசை இம்முறை ஒழுங்காக நடக்க வேண்டும் என்று உறுதி பூண்டோம்.

எம் முடிவு எளியது: பழைய தட்டில் கை வைப்பதில்லை. 240 ஜிபி கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கச் சொல்லி, பழைய வன்தட்டைக் கழற்றி, உறையிலிட்டு, மேலே நாளும் எழுதி அலமாரியில் வைத்தோம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நிறுவும் நிரல் இடையில் “தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக” என்று ஒரு வாய்ப்பைக் காட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தட்டுகள் இணைந்திருந்தால் எதனை அழிக்கப் போகிறோம் என்பதில் தேர்ந்தவரும் தடுமாறுவர். அழிப்பதற்குப் பழைய தட்டே அங்கு இல்லையெனில் அச்சமும் இல்லை. புதிய தட்டு வாங்க இயலாதோர், முகப்பு, ஆவணங்கள், பதிவிறக்கங்கள், எழுத்துருக்கள் ஆகிய நான்கு உறைகளையும் வெளித்தட்டில் படியெடுத்து, அப்படியை வேறொரு கணினியில் திறந்து படித்துப் பார்த்த பின்னரே தொடங்குதல் வேண்டும். விண்டோஸ் தன் தட்டைப் பிட்லாக்கர் கொண்டு பூட்டியிருப்பின், 48 இலக்க மீட்புத் திறவெண்ணையும் குறித்துக் கொள்ளல் வேண்டும்.

லினக்ஸ் மின்ட் என்னும் வகையில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தோம். 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும். 4 இருப்பின் நன்று. ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள கோப்பு அது. பதிவிறக்கியவுடன் அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுதல் வேண்டும். 64 குறிகளால் ஆன அத்தொகையில் ஒரு குறி மாறினும் கோப்பு பழுது என்று கொள்க. மூல ஏட்டோடு படியேட்டை ஒப்பு நோக்கும் பதிப்பாசிரியர் பணியே இது. ஆனால் நொடியில் முடிவது. பின்னர் ரூஃபஸ் போன்ற கருவியால் அக்கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் எழுத வேண்டும். கோப்பை இழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பலரும் தவறுவது இங்கேதான். பென்டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதையும் மறத்தலாகாது.

கணினியைத் தொடக்கும்பொழுதே துவக்கப் பட்டியலுக்குரிய விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். டெல் கணினிகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 என இவ்விசை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். பென்டிரைவைத் தேர்ந்தால், எதையும் நிறுவாமலே லினக்ஸ் திரை விரியும். இந்நிலையில் அரைமணி செலவிட்டு ஒலி, வைஃபை, அச்சுப்பொறி யாவற்றையும் சோதித்துக் கொள்க. பிடிக்கவில்லையாயின் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் கணினி பழையபடியே இருக்கும். பிடித்தால் நிறுவும் நிரலைத் திறந்து, விடை கேட்கும் இடங்களில் விடை கூறினால் போதும். நேர மண்டலத்திற்குக் கொல்கத்தா என்று தரவேண்டும். எம் கைக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது.

இனி, வரக்கூடிய இடர்கள். திரை கறுத்து நின்றால் பெரும்பாலும் அது திரைச்செயலிச் சிக்கல்; மீண்டும் தொடங்கி, பட்டியலில் உள்ள இணக்க முறையைத் தேர்ந்தால் வழி பிறக்கும். வைஃபை கிடைக்கவில்லையெனின் கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் வழி இணையம் பெற்று, இயக்கி மேலாளர் என்னும் பகுதியில் வேண்டிய இயக்கியை இறக்கிக் கொள்ளலாம். துவக்கத் தட்டு இல்லை என்று கணினி கூறின், வரிசை மாறியிருக்கும். துவக்க வரிசையில் புதிய தட்டை முதலில் வைத்தால் தீரும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பின், கடிகாரம் ஐந்தரை மணி பிசகும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகக் கொள்ள, விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்வதே காரணம்.

ஆசிரியரின் கணினியில் நேர்ந்தது வேறு. எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வந்தது. லினக்ஸையே ஐயுற்றோம். கடைசியில் பார்த்தால் கணினியின் நாட்காட்டி பல்லாண்டு பின்தங்கி நின்றது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் காசு வடிவ மின்கலம் தீர்ந்து போயிருந்தது. அதனை மாற்றியதும் எச்சரிக்கை மறைந்தது. குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் மற்றொரு நோயும் உண்டு. திரையில் ஒன்றும் தோன்றாமல் கணினி பீப் ஒலி மட்டும் எழுப்பும். ஈரக்காற்றால் நினைவகப் பலகையின் முனைகளில் மாசு படிதல் ஒரு காரணம். மின் இணைப்பைத் துண்டித்து, பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து மீண்டும் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும். இதற்குப் போய் இயங்குதளத்தை மாற்றியோரும் உளர்.

அடுத்தது தமிழ் உள்ளீடு. ஐபஸ், எம்17என் ஆகிய இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் பழைய தட்டச்சு விசைப்பலகையும் கிடைக்கும். தட்டச்சுப் பழகிய ஆசிரியரின் விரல்களுக்குப் பின்னது தடையின்றி ஒத்துப்போயிற்று.

பழைய தட்டை யூஎஸ்பி உறையிலிட்டு இணைத்தபொழுது, லினக்ஸ் அதனைப் படிக்க மட்டுமே இசைந்தது, எழுத மறுத்தது. விண்டோஸ் முழுமையாக அணையாமல் அரைத்துயிலில் நின்ற தட்டுகளில் இவ்வாறு நிகழும். அன்று எமக்கு வேண்டியதும் அதுவே. குறிப்புகளையும் எழுத்துருக்களையும் படியெடுத்த பின், என்.எச்.எம். கன்வெர்ட்டர் கொண்டு, வேறொரு விண்டோஸ் கணினியில், பாமினியை ஒருங்குறியாக மாற்றினோம். மாற்றி எதையும் கெடுக்கவில்லை. இருந்த பிழையை வெளிக்காட்டியது. தட்டச்சில் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு சிறிதே ஆதலின் ஆசிரியர் பல இடங்களில் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்தார்கள். தாளில் கண் அதனைப் பொருட்படுத்தாது. ஒருங்குறியில் தேடும்பொழுதோ குற்றாலம் “குற்றரலம்” ஆகவும், தென்காசி “தென்கரசி” ஆகவும் நின்று அகப்பட மறுத்தன. புள்ளியும் இன்றி, காலும் ரகரமும் ஒன்றாய்த் தோன்றும் ஏட்டுச்சுவடிகளோடு பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டின் ஒரு துளியை எம் மாணவர் மூவர் இப்பொழுது பட்டுக் கொண்டிருக்கின்றனர். அச்சிட்ட படியை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தித் தருகிறார்கள். மாணவர் திரையில் திருத்துகின்றனர். இதுவரை அறுபது பக்கங்கள் முடிந்துள்ளன. பழைய வன்தட்டு இன்னும் அலமாரியிலேயே இருக்கிறது.