டீயில் ஊறும் பாய்கள்

முதலில் அந்த வாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். மொரீஷியஸில் கியூர்பிப் ஊர்ப் பக்கம் ஒரு மாதிரிக் கப்பல் பட்டறை. பின்வாசல் வழியாக நுழைந்ததும் காலில் இடறியது ஒரு பிளாஸ்டிக் வாளி. அது நிறைய டீ. பால் இல்லை, சர்க்கரை இல்லை, நல்ல கடுப்பான டிகாஷன். அதற்குள் கைக்குட்டை கைக்குட்டையாக வெள்ளைத் துணிகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. அத்தனையும் போர்க்கப்பலின் பாய்கள்! வெயிலும் உப்புக்காற்றும் தின்ற பாய் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி இருக்குமா? அந்தப் பழுப்பு ஏறத்தான் இந்த டீக் குளியல்.

அடுத்து மூக்குக்கு ஒரு அதிர்ச்சி. பட்டறையா, மார்கழி மாதப் பெருமாள் கோவிலா? அப்படி ஒரு கற்பூர வாசனை. கற்பூர மரத்தை அறுக்கிறார்கள்! தேக்கும் அதுவும்தான் இங்கே முக்கிய மரங்கள். 1960களின் கடைசியில் இந்த ஊரில் துளிர்விட்ட தொழில். இன்று தீவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் கப்பல் பெட்டியோடுதான் விமானம் ஏறுகிறார்கள்.

அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் நெற்றியில் திருநீறு. தமிழ் பேச வராது, ‘வணக்கம்’ மட்டும் கணீரென்று வந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். எனக்குள் ஒரே குதூகலம். 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்ட ஆள் தேடியபோது, புதுச்சேரியிலிருந்து தச்சர்களும் கொத்தனார்களும் இந்தத் தீவுக்கு வந்தார்கள். இவர் அந்த வழியா என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு வேலை இருக்கிறது.

வேலை எப்படி என்றால், முதலில் ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பான அடிமரம். அதன்மேல் விலா எலும்புகளாகக் குறுக்குச் சட்டங்கள். பிறகு நூடுல்ஸ் அகலத்தில் பட்டையாக அறுத்த மரத்துண்டுகள். வெந்நீரில் ஊறவைத்துச் சூடு காட்டினால் கரும்புத் தோகை மாதிரி வளைகின்றன. அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில்தான் கஷ்டம்: முனை குறுகக் குறுக ஒவ்வொரு பட்டையையும் சீவி மெலிதாக்க வேண்டும். விட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அளவெல்லாம் மனம்போன போக்கில் இல்லை. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பழைய வரைபடங்கள் லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சுருக்கியதுதான்.

சுருக்குவது என்றால் எவ்வளவு? 96இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஆகிவிடுவோம்! பாய்மரக் கயிற்றை இறுக்கக் கப்பலின் பக்கவாட்டில் வட்ட மரவில்லைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று துளை. நிஜத்தில் முப்பது சென்டிமீட்டர் வில்லை, இங்கே மூன்று மில்லிமீட்டர். கேழ்வரகைவிடக் கொஞ்சம் பெரிசு. அதிலும் மூன்று துளை, மூன்றிலும் நூல்! விரலால் திருகும் துளைக்கருவி, ஊசி அரம், சாமணம். நகைப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேனோ என்று ஒருகணம் குழம்பிவிட்டது.

மாடியில் கயிறு கட்டும் அறை. முழுக்கப் பெண்கள், ரேடியோவில் ஏதோ சேகா, இந்தத் தீவின் நாட்டுப் பாட்டு. மேஜை நடுவே விக்டரி போர்க்கப்பல். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் நின்ற அதே விக்டரி: 104 பீரங்கி, 37 பாய், ஏறக்குறைய 42 கிலோமீட்டர் கயிறு. 96இல் ஒரு பங்காக்கினாலும் 400 மீட்டருக்கு மேல் நூல்! மாதிரியில் அத்தனையும் கட்டுவதில்லை, ஆனாலும் கண்ணைக் கட்டிவிடும். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கயிறுகள் கறுப்பு, ஏனென்றால் நிஜத்தில் அவை தார் பூசியவை. பாயை ஏற்றி இறக்குகிற கயிறுகள் பழுப்பு. நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிடுகிறார்கள், பிசிறு படிந்துவிடுகிறது. ஏணிக் கயிறு கட்டும்போது கோடு போட்ட அட்டை ஒன்றைப் பின்னால் செருகிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு படி. இவ்வளவுதான் ரகசியம்! அத்தனை கம்பீரமும் பள்ளி நோட்டு அட்டையால் வருகிறது.

நானும் ஒரு முடிச்சுப் போடுகிறேன் என்று கெஞ்சினேன். ஓர் அக்கா சிரித்தபடி சாமணத்தைக் கொடுத்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, நாலு நிமிடப் போராட்டம். முடிச்சு விழுந்துவிட்டது! பக்கத்து மேஜை வரை காட்டிவிட்டு வந்தேன். பார்த்தால் நான் இழுத்த இழுப்பில் அந்தப் பக்கத்துக் கயிறே இடுப்பொடிந்து உள்வாங்கி நிற்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஊசிமுனையால் என் முடிச்சை அவிழ்த்தார், மேலும் கீழும் இரண்டு படிகளையும் சேர்த்து அவிழ்த்தார், மூன்றையும் மறுபடி கட்டினார். இருபது விநாடி ஆகியிருந்தால் அதிகம்.

கிளம்பும்போது ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினார்கள். இந்தத் தீவுக்கே உரிய வெனிலா மணக்கும் டீ. வாங்கிக்கொண்டு படியிறங்கி வாளியைப் பார்த்தேன். டம்ளரைப் பார்த்தேன். நிறம் ஒன்றேதான். பெரியவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக் குடித்துவிட்டேன்.