வேற தேசம் போனவங்க பங்கு யாருக்கு? தஞ்சைப் பெரிய கோயில்ல ஒரு பழைய விதி

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்னு எங்கெங்கேயோ இருந்து இதைக் கேக்கறவங்க நிறைய பேர் லீவுக்கு ஊருக்கு வருவீங்க. திருச்சி ஏர்போர்ட்ல இறங்கினா தஞ்சாவூர் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். அம்மா அப்பா, பசங்க, ஒரு வாடகைக் கார். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், ஒரு தலையாட்டி பொம்மை, திரும்பக் கார். இன்னைக்கு அந்த ஒரு நாளைப் பத்தித்தான் பேசப்போறோம்.

கோயிலுக்குள்ள போனதும் உங்களுக்குச் சில கதைகள் கிடைக்கும். விமானத்தோட நிழல் தரையில விழாதுன்னு சொல்வாங்க. விழும், வெயில்ல நின்னு பார்த்தாலே தெரியும். உச்சியில இருக்கிறது 80 டன் ஒரே கல்லுன்னு சொல்வாங்க. அது பல கற்களைச் சேர்த்துக் கட்டினது. பெரிய நந்தி ராஜராஜன் காலத்துதுன்னு சொல்வாங்க, அது நாயக்கர் காலத்துது. இதெல்லாம் தப்புங்கறதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. இந்தக் கதையைக் கேட்டுக்கிட்டு அண்ணாந்து பார்த்தபடியே வெளிய வந்துடறோம். கண்ணு மட்டத்துல சுவர் முழுக்க எழுத்து இருக்கு, அதை யாரும் காட்டறதில்லை.

அந்த எழுத்துல பெரும்பகுதி கணக்கு. ராஜராஜன் கோயிலைக் கட்டி முடிச்சது 1010-ல. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகள், அதிகாரிகள் கொடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்ட வச்சான். நகையோட எடை, விளக்கு எரிக்க விட்ட ஆடு, நெல்லு அளக்க வேண்டிய கிராமங்கள். ஈழத்துல இருந்த சில ஊர்கள்கூட அந்தப் பட்டியல்ல உண்டு.

அதுல ஒரு கல்வெட்டு, 1014 வாக்குல வெட்டினது, என்னைப் பொறுத்தவரை இந்தக் கோயிலோட மிக முக்கியமான பக்கம். தளிச்சேரிப் பெண்டுகள்னு சொல்லப்பட்ட 400 பெண்கள், அதாவது கோயில்ல ஆட, பாட வந்தவங்க, அவங்களோட பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பேர் என்ன, எந்த ஊர்க் கோயில்லேர்ந்து வந்தவங்கன்னு வீடு வீடா இருக்கு. கிட்டத்தட்ட நம்ம அட்ரஸ் மாதிரிதான். ஒருத்தர் பேர் எடுத்தபாதம். நடராஜர் தூக்கின கால் ஞாபகத்துல வச்ச பேரா இருக்கணும், எவ்ளோ அழகு பாருங்க! திருவாரூர், திருவையாறுன்னு டெல்டா ஊர்கள்லேர்ந்து வந்தவங்க நிறைய. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. அளக்கற மரக்காலுக்குக்கூட ஆடவல்லான்னு சாமி பேர்.

இவங்களா ஆசைப்பட்டு வரலை. ராஜா உத்தரவு, மத்த கோயில்கள்லேர்ந்து கூட்டிட்டு வந்து குடியேத்தினாங்க. வர இஷ்டமான்னு கேட்டாங்களான்னு கல்லு சொல்லாது. சோழர் பெருமை பேசற ரீல்ஸ்லயும் இந்தக் கேள்வி வராது.

இப்போ வெளிநாட்டுல இருக்கிற உங்களுக்காகவே எழுதின மாதிரி ஒரு விதி அதுல இருக்கு. பங்கு வாங்கறவங்க செத்துப்போனாலோ, வேற தேசம் போயிட்டாலோ, அடுத்த சொந்தக்காரர் அந்தப் பங்கை வாங்கிக்கிட்டு அந்த வேலையைச் செய்யணும். அவருக்கு அந்தத் தகுதி இல்லைன்னா, தகுதியான ஆளைப் பிடிச்சு வேலையை நடத்தணும். சொந்தமே இல்லையா, அதே வேலையில இருக்கற மத்தவங்க ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்க. நெல்லு அவருக்கு.

கவனிங்க, போனவங்களைத் திட்டலை. திரும்பி வரச் சொல்லவும் இல்லை. செத்தவங்களையும் வேற தேசம் போனவங்களையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்குது. கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும். ஆனா விதியோட அக்கறை ஆள் மேல இல்லை, வேலை நின்னுடக் கூடாதுங்கறதுல. பங்கு வேணும்னா பணியும் செய்யணும்.

டெல்டாவுல இன்னைக்கும் இதே கேள்விதான். நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஓடின காலத்துலேர்ந்து இங்கேருந்து ஆளுங்க போயிட்டேதான் இருக்காங்க. கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர்னே பேர் வந்துடுச்சு. போனவங்க நிலம் பல இடத்துல குத்தகையில இருக்கு. பங்கு ஒருத்தருக்கு, சேத்துல இறங்கறது இன்னொருத்தர். வீட்டுக்கு ஒரு பூட்டு, கோயில் திருவிழாவுக்கு ஒரு பேங்க் டிரான்ஸ்ஃபர். 1,000 வருஷத்துக்கு முன்னாடி கல்லுல எழுதி முடிச்ச விஷயத்தை நாம வீட்டு வாட்ஸப் குரூப்ல இன்னும் பேசிட்டிருக்கோம்.

சரி, போறதுக்கு வழி. மதியம் நடை சாத்திடுவாங்க, கல்லும் கொதிக்கும், அதனால பெரிய கோயிலைச் சாயங்காலத்துக்கு வச்சுக்கோங்க. எழுத்து 11-ம் நூற்றாண்டு எழுத்து, புள்ளி இருக்காது. இருந்தாலும் ட, ப, ம மாதிரி சிலதைப் பசங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. முழுப் பட்டியலும் ஹூல்ஷ் பதிப்பிச்ச தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில இரண்டாம் தொகுதியில ஆங்கில மொழிபெயர்ப்போட இருக்கு. பிளைட்லயே படிச்சிடலாம்.

காலையில திருவையாறு போங்க, தஞ்சாவூர்லேர்ந்து 13 கிலோமீட்டர்தான். ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள்ளயே ராஜராஜனோட ராணி லோகமாதேவி கட்டின கோயில் தனியா நிக்குது. 400 பேர்ல சிலர் கிளம்பினது அங்கேருந்துதான். திரும்பி வரும்போது காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு அஞ்சு ஆறு குறுக்கே வரும். டிசம்பர்ல வந்தீங்கன்னா பாதையோரம் சம்பா பச்சையா நிக்கும். ஒவ்வொரு பாலத்துலயும் காரை மெதுவா விடச் சொல்லுங்க.