உலோகங் காட்டுங் கருவியும் பல்லாவரத்துச் செம்மண்ணும்

மண்ணுட் புதைந்த உலோகத்தை ஒலியால் உணர்த்தும் கருவிகள் இந்நாளிற் பொழுதுபோக்கிற்காகவும் விற்கப்படுகின்றன. அவற்றுள் எது ஆழம் எட்டுவதென்று அறியும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

கருவியின் கம்பிச்சுருளிற் பாயும் மின்னோட்டம் காந்தப் புலத்தைத் தோற்றுவிக்கும். அப்புலம் உலோகத்திற் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அதனால் விளையும் மறுபுலத்தைக் கருவி உணரும். சிறு நாணயமொன்று சுருளினின்று நன்கு விலகியபின், தூரம் இருமடங்காயின் அதன் குறி ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகக் குன்றும். ஆதலின் விலை இருமடங்காயின் ஆழமும் இருமடங்காமென எண்ணுதல் பிழை.

நாணயத்தைக் காற்றிற் பிடித்துக் காட்டும் சோதனையும் போதாது. ஒரே நாணயத்தை ஒரே மண்ணில் ஒரே ஆழத்திற் புதைத்து, கருவிகளை ஒவ்வொன்றாக அதன்மேற் செலுத்திப் பார்த்தல் வேண்டும். 1881ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிற் பாய்ந்த குண்டை அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் தம் கருவியால் தேடியபொழுது, கட்டிலின் இரும்புச் சுருள்கள் அதனை மயக்கின என்பர்.

நம் தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்திற் செம்மண் சரளை உண்டு. இரும்பு மிகுந்த அத்தகைய மண் பொய்க்குறி எழுப்பி, எட்டும் ஆழத்தையுங் குறைக்கும். நிற்க, அங்கே ஒரு சரளைக் குழியினின்று எறியப்பட்ட மண்ணிலேதான் 1863 மே 30ஆம் நாள் ராபர்ட் புரூஸ் பூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டார். எவ்வுலோகக் கருவியும் அதற்கு ஒலித்திராது, அது கல்லன்றோ!

ஒலி கேட்டவுடன் தோண்டுவோர், மண்ணடுக்குகள் கூறும் வரலாற்றைக் கலைத்துவிடுவர். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878ஆம் ஆண்டுச் சட்டமும் விதிக்கின்றது. ஆகவே, நம் தோட்டத்தில் நாமே புதைத்த நாணயத்தைத் தேடிச் சோதித்தலே மாணவர்க்குத் தக்கதாகும்.